ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஒரு நத்தை ஊர்

ஜெர்மனியின் ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்திலிருந்து நேர் வடக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மூன்ஸ்டர்லாந்து வயல்களைக் கடந்து, ஓஸ்னாபுரூக்கை ஒட்டிப் போய், வாங்கரோகே என்னும் மணல் தீவைத் தொட்டு, அந்தக் கோடு வட கடலுக்குள் இறங்கும். ஏறத்தாழ 280 கிலோமீட்டரில் ஒரு சிவப்புப் பாறையில் முட்டி நிற்கும். அதுதான் ஹெல்கோலாந்து. கோயிலும் தீவும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன.

ஜெர்மனியின் வட கடல் கரையில் மற்ற எல்லா இடமும் மணலும் சேறும்தான். இயற்கையான பாறைக்கரை வேண்டுமென்றால் இந்த ஒரு தீவுக்குத்தான் போக வேண்டும். பெரிய தீவின் பரப்பு ஒரு சதுரக் கிலோமீட்டர் அளவே. கடலடியில் புதைந்து கிடக்கும் பழைய உப்புப் படிவம் மெல்ல மெல்ல மேலெழும்பி, தன் தலைமேல் கிடந்த செம்மணற்கல்லையும் சேர்த்து உயர்த்தியதால் பிறந்த தீவு இது. பாறையின் வயது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல். 1890இல் பிரிட்டனிடமிருந்து ஜெர்மனியின் கைக்கு வந்ததும், இரண்டே ஆண்டுகளில் இங்கே ஒரு கடல் உயிரியல் நிலையம் தொடங்கிவிட்டார்கள். இன்று அது ஆல்ஃபிரட் வேகனர் ஆய்வு நிறுவனத்தின் ஒரு பகுதி. நாட்டில் வேறெங்கும் கிடைக்காத ஒரு கரை கையில் கிடைத்தால் விஞ்ஞானிகள் விடுவார்களா?

அந்தக் கரையில் ஊரும் நத்தைகள்தான் நம் கதை. கடல் 12 மணி 25 நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. ஹெல்கோலாந்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சராசரியாக இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். இந்த இடைவெளியை ஓதவிடைப் பகுதி என்பார்கள். நாளில் பாதி கடலாகவும் பாதி தரையாகவும் இருக்கும் நிலம் என்று பொருள். அதன் கீழ்முனையில் வாழும் உயிர் சில மணித்துளிகளே காற்றைப் பார்க்கும். மேல்முனையில் வாழ்வது சில மணித்துளிகளே தண்ணீரைப் பார்க்கும். ஓர் ஆள் கையை உயர்த்தி நின்றால் எட்டிவிடும் உயரம்தான் இது. ஆனால் காட்டுக்கும் பாலைவனத்துக்கும் உள்ள வேறுபாடு அதற்குள் அடங்கிவிடுகிறது.

மேலிருந்து இறங்கி வருவோம். அலைத் திவலை மட்டும் எட்டும் உயரத்தில், பாறை வெடிப்புகளிலும் துறைமுகச் சுவர்களிலும், பருப்பளவு நத்தைகள் ஒடுங்கியிருக்கும். லிட்டோரினா சாக்சாட்டிலிஸ் என்பது அவற்றின் அறிவியல் பெயர். கொஞ்சம் கீழே அதன் உறவான லிட்டோரினா லிட்டோரியா. மூன்று சென்டிமீட்டர் வரை வளரும், கருஞ்சாம்பல் நிறம், பாறைமேல் படியும் பாசியை மேய்ந்துகொண்டு கூட்டங்கூட்டமாக இருக்கும். இன்னும் கீழே, பழுப்புக் கடற்பாசி போர்வையாகப் படர்ந்த இடத்தில், மூன்றாவது உறவு: லிட்டோரினா ஒப்டுசாட்டா. உருண்டை ஓடு, மஞ்சள், ஆலிவ் பச்சை, பழுப்பு என்று நிறங்கள். அந்தப் பாசி மிதப்பதற்காகத் தன் உடலில் காற்றுக் குமிழ்களை வைத்திருக்கிறது. நத்தை அசையாமல் இருந்தால் அதையும் ஒரு குமிழ் என்றே கண் எண்ணிக்கொள்ளும். ஒரே குடும்பம், ஒரே பாறை. ஆனால் மூன்று மாடிகள்.

யார் எந்த மாடியில் இருப்பது என்பதை எது தீர்மானிக்கிறது? ஜோசப் கானல் என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் மில்போர்ட் கரையில் செய்த சோதனை இதற்கு வழிகாட்டியது. பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுகளில் இரண்டு இனங்களை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்று எப்போதும் மேலே, மற்றது எப்போதும் கீழே. கீழே இருந்ததைச் சுரண்டி அகற்றிப் பார்த்தார். மேலே இருந்த இனம் கீழேயும் நன்றாகவே வளர்ந்தது. கீழே அதைத் தடுத்து வைத்திருந்தது தண்ணீரல்ல, பக்கத்து வீட்டுக்காரன். சில இடங்களில் வலைக்கூண்டு போட்டு வேட்டை நத்தைகளையும் விலக்கிப் பார்த்தார். இரையின் கீழ் எல்லையை அவையும் தின்றே வரைகின்றன என்று தெரிந்தது. 1961இல் வெளிவந்த அந்த முடிவு சூழலியலின் அடிப்படைப் பாடங்களில் ஒன்றாகிவிட்டது: பாறைக்கரையில் ஓர் உயிரின் மேல் எல்லையைப் பெரும்பாலும் வெயிலும் வறட்சியும் வரைகின்றன, கீழ் எல்லையைப் போட்டியாளர்களும் பகைவர்களும் வரைகிறார்கள். எனவே உச்சியில் வாழ்வது என்பது பகைவரிடமிருந்து தப்பி வறட்சியிடம் போய்ச் சேர்வது.

அந்த வறட்சியை நத்தை எப்படித் தாங்குகிறது? முதல் கருவி கதவு. நத்தையின் பாதத்தோடு ஒட்டிய ஒரு மூடி, உடல் உள்ளே இழுக்கப்பட்டதும் ஓட்டின் வாயைக் கச்சிதமாக அடைத்துவிடும். உள்ளே இருக்கும் துளிக் கடல்நீர் உள்ளேயே இருக்கும். உச்சியில் வாழும் இனங்களில் செவுள் சிறுத்து, அது இருக்கும் அறையின் சுவரில் இரத்த நாளங்கள் பெருகி, அது நுரையீரலைப் போலக் காற்றிலிருந்தே உயிர்வளியை எடுக்கத் தொடங்கியிருக்கிறது. தண்ணீரிலிருந்து தரைக்கு வரும் பாதையில் பாதி தூரம் வந்து நிற்கும் உடல் அது.

வட கடலில் வெயிலைவிடக் கொடியது பனிக்காலம். வற்றத்தின்போது உறைகுளிரில் வெளியே கிடக்கும் லிட்டோரினா லிட்டோரியாவின் உடல்நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகிவிட முடியும். இதயம் நின்றுவிடும். மைனஸ் 8 டிகிரி வரை போனாலும், ஏற்றம் வந்து பனி கரைந்ததும் அது மறுபடி ஊரத் தொடங்குகிறது. பனி உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீரில் மட்டும் உறையும்படி பார்த்துக்கொள்வதுதான் இதன் சூட்சுமம். உள்ளே உறைந்தால் உயிரணு கிழிந்துவிடும்.

இனி நம் பக்கம் வருவோம். திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் மலையின் அடிவாரம், கன்னியாகுமரி, முட்டம்: இங்கெல்லாம் இதே மாடி ஏற்பாடுதான், குடியிருப்போர் மட்டும் வேறு. இலங்கைக் கரையில் ஏற்றவற்றம் அரை மீட்டரைச் சுற்றியே இருப்பதால் ஹெல்கோலாந்தின் மாடிகள் எல்லாம் இங்கே ஒரு முழத்துக்குள் நெருங்கிவிடுகின்றன. அலை ஓங்கி அடிக்கும் இடத்தில் திவலை மேலேறி அதைக் கொஞ்சம் அகலமாக்கும். உச்சியில் எக்கினோலிட்டோரினா என்னும் சிறு நத்தைகள், ஓட்டில் மணிமணியாகப் புடைப்புகளோடு. அதற்குக் கீழே உருண்டு திரண்ட நெரிட்டாக்கள். இன்னும் கீழே, கூம்புத் தொப்பி கவிழ்த்தது போன்ற ஓட்டுடன் பாறையை இறுகப் பற்றியிருக்கும் லிம்பெட்டுகள். நம் கரைகளில் செல்லானா இனம் பரவலாகக் காணப்படும்.

நண்பகலில் வெப்பமண்டலப் பாறையின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும். வெறுங்காலை வைக்க முடியாத அந்தக் கல்லில் எக்கினோலிட்டோரினா நாள் முழுக்க இருக்கிறது. எப்படி? முதலில் ஒரு சொட்டு வழவழப்புச் சளியைச் சுரந்து ஓட்டின் உதட்டைக் கல்லில் ஒட்டவைக்கிறது. சளி காய்ந்து இறுகியதும் பாதத்தை உள்ளே இழுத்துக் கதவை மூடிக்கொள்கிறது. இப்போது ஓட்டின் விளிம்பு மட்டும்தான் கல்லைத் தொடுகிறது, சதை தொடவில்லை. கல்லின் சூடு ஏற வழியில்லை. சில நேரம் ஓட்டை எழுப்பி நிமிர்த்தி வைத்துக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதும் உண்டு. ஹாங்காங் பாறைகளில் இவற்றைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். இன்னும் வியப்பானது உள்ளே நடப்பது. சாதாரணமாகக் குளிர் இரத்த விலங்குகளில் வெப்பம் ஏற ஏற உடலின் எரிபொருள் செலவும் ஏறும். எக்கினோலிட்டோரினா மலாக்கானா என்ற இனம் சுமார் 35 டிகிரியைத் தாண்டியதும் செலவைத் தலைகீழாகக் குறைத்துவிடுகிறது. நண்பகலில் சாப்பிட வழியில்லை என்பதால், பசியைத் தாங்குவதே அங்கே உயிரைக் காப்பது. நெரிட்டாவின் வழி வேறு. அது ஓட்டுக்குள் கொஞ்சம் தண்ணீரைச் சேமித்துவைத்து, சிறிது சிறிதாக ஆவியாக விட்டு உடலைக் குளிர்விக்கிறது.

வடக்கு நத்தையையும் தெற்கு நத்தையையும் பக்கத்தில் வைத்துத் தடவிப் பார்த்தால் இன்னொரு வேறுபாடு கையில் தட்டும். தடவி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹீராட் வெர்மய் நெதர்லாந்தில் பிறந்தவர். மூன்று வயதில் பார்வையை இழந்தவர். வெப்பமண்டலக் கரையிலிருந்து வந்த ஓடுகளை விரலால் ஆராய்ந்தபோது, அவை வடக்கத்தி ஓடுகளைவிடக் கனமாகவும், முண்டும் முடிச்சுமாகவும், வாய் குறுகியும் இருப்பதைச் சிறுவயதிலேயே கவனித்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் பெயர்பெற்ற ஓட்டியல் அறிஞராகி விடையையும் சொன்னார்: வெப்பமண்டலக் கரைகளில் ஓட்டை உடைக்கும் நண்டுகளும் மீன்களும் வலிமை மிக்கவை. தடித்த சுவர், இறுக்கமான வாய், வாயின் விளிம்பில் பல் போன்ற மேடுகள் எல்லாம் அவற்றுக்கு எதிரான அரண்கள். நெரிட்டாவின் வாயை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தால் அந்தப் பற்கள் தெரியும். பல்லாயிரம் பேர் கண்ணால் பார்த்தும் கேட்காத கேள்வியை விரல்கள் கேட்டிருக்கின்றன.

நத்தை மட்டும் தாக்குதலில் குறைந்ததா என்ன? அதன் வாய்க்குள் அரநாக்கு இருக்கிறது: வரிசை வரிசையாகப் பற்கள் பதித்த ஒரு நாடா. முன்வரிசை தேயத் தேயப் பின்வரிசை நகர்ந்து முன்னே வரும். பாறையையே சுரண்டி மேயும் லிம்பெட்டின் பல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 2015இல் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் ஆசா பார்பர் குழு அதை இழுத்துச் சோதித்தபோது, சிலந்தி நூலையும் மிஞ்சும் வலிமை தெரிந்தது. அதுவரை அளக்கப்பட்ட உயிர்ப்பொருள்களில் அதுவே உறுதி மிக்கது. கோதைட் எனப்படும் இரும்புக் கனிமத்தின் மிக நுண்ணிய இழைகளைப் புரதத்தில் பதித்துச் செய்த பல் அது. நத்தை தன் வாய்க்குள் இரும்புத் தாதுவை வளர்க்கிறது!

நியூசெல்லா லபில்லஸ் என்னும் வேட்டை நத்தை அரநாக்கோடு வேதியியலையும் சேர்த்துக்கொள்கிறது. பாதத்தில் உள்ள ஒரு சுரப்பியால் சிப்பியின் ஓட்டில் அமிலத்தைத் தடவி மிருதுவாக்குகிறது, பிறகு சுரண்டுகிறது, மறுபடி தடவுகிறது. ஒரு துளை முடிய நாள்கணக்காகும். பிறகு உள்ளே இருக்கும் சதையைச் செரிமான நீரால் கரைத்து உறிஞ்சுகிறது. இதன் குடும்பமே முள் சங்குகளின் குடும்பம். பழங்கால மன்னர்களின் ஊதாச் சாயம் வந்ததும் இந்தக் குடும்பத்திலிருந்துதான். 1909இல் பவுல் ஃபிரீட்லெண்டர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து பிரித்தெடுத்த சாயம் 1.4 கிராம். ஒரு சவரனில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், இந்த நத்தைகளில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. அது பிறப்பைப் பற்றியது.

லிட்டோரினா லிட்டோரியா ஆண்டுக்குப் பல்லாயிரம் முட்டைகளைக் கடலில் விடுகிறது. குஞ்சுகள் நீந்தும் இளவுயிரிகளாக வாரக்கணக்கில் மிதந்து திரிந்து, தப்பியவை எங்கோ ஒரு பாறையில் இறங்கும். ஒப்டுசாட்டா கடற்பாசிமேல் பசை போன்ற முட்டைப் பொதியை ஒட்டுகிறது. குஞ்சு நேரே ஊர்ந்து வெளியே வருகிறது. சாக்சாட்டிலிஸ் ஒரு படி மேல். முட்டைகளை உடலுக்குள்ளேயே ஒரு பையில் காத்து, ஓட்டோடு கூடிய குட்டிகளாகவே ஈனுகிறது. சரி, இந்த மூன்றில் எது தொலைதூரத் தீவுகளை அடைந்திருக்கும்? மிதந்து போகும் குஞ்சு உள்ளதுதான் என்று யாரும் சொல்வார்கள்.

அட்லாண்டிக்கில் ராக்கால் என்று ஒரு பாறை இருக்கிறது. பக்கத்திலுள்ள செயின்ட் கில்டா தீவிலிருந்தே 300 கிலோமீட்டர். அகலம் முப்பது மீட்டருக்குள். அங்கே சாக்சாட்டிலிஸ் வாழ்கிறது, லிட்டோரியா இல்லை. 1988இல் ஸ்வீடனின் கெர்ஸ்டின் யோஹான்சன் இந்தப் புதிரை எடுத்துக்கொண்டு விளக்கினார். மிதக்கும் குஞ்சு ஒன்று தப்பித்தவறி ராக்காலில் இறங்கினாலும் அது தனி ஆள். அது வளர்ந்து, துணை கிடைத்து, முட்டையிட்டாலும் அந்த முட்டைகள் அலையோடு போய்விடும். மிதக்கும் பாசியிலோ மரத்துண்டிலோ கர்ப்பமான ஒரே ஒரு சாக்சாட்டிலிஸ் தாய் ஒதுங்கினால் போதும். குட்டிகள் அவள் காலடியிலேயே பிறந்து அங்கேயே தங்கும். ஒரு தாய், ஒரு குடி. நகராதவள்தான் தூரத்தை வென்றாள்.

குட்டி ஈனும் இந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்ததுமில்லை. 2024 தொடக்கத்தில் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, முட்டையிடும் நெருங்கிய உறவுகளோடு ஒப்பிட்டு, சாக்சாட்டிலிஸின் மரபணுத் தொகுதியில் சுமார் 50 இடங்கள் இதற்குக் காரணம் என்று கண்டது. அந்த மாற்றங்கள் ஏறத்தாழ கடந்த ஒரு லட்சம் ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

ஊர்ந்தே வாழ்வதால் இன்னொன்றும் நேர்கிறது: ஒவ்வொரு பாறையின் நத்தையும் அந்தந்தப் பாறைக்கே உரியதாகிவிடுகிறது. ஸ்வீடனின் மேற்குக் கரையில் நண்டு மிகுந்த இடத்து சாக்சாட்டிலிஸ் பெரியது, தடித்த ஓடு, சிறிய வாய், அச்சம் மிக்கது. அலை அடிக்கும் பாறையில் உள்ளது சிறியது, மெல்லிய ஓடு, பெரிய வாய், அதன் வழியே பற்றிக்கொள்ள அகன்ற பாதம். இந்த இனத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனிப் பெயர்களை முன்னோர் சூட்டிவிட்டார்கள் என்றால் அது அவர்கள் குற்றமல்ல. ஒவ்வொரு கரையிலும் அது வேறு நத்தையாகவே தோன்றுகிறது. 1988இல் ஒரு நச்சுப் பாசிப் பெருக்கால் அங்குள்ள சிறு பாறைத்திட்டுகளில் நத்தைகள் அழிந்தன. 1992இல் யோஹான்சன், அலைப் பாறை ஒன்றில் நண்டுப் பகுதி நத்தைகளைக் கொண்டு போய் விட்டார். பிறகு காத்திருந்தார். முப்பது ஆண்டுகளில் அவற்றின் வழிவந்தவை அளவிலும் ஓட்டிலும் அலைப் பாறை நத்தைகளாகவே மாறிவிட்டன. 2024இல் அந்த முடிவு வெளியானது. பரிணாமம் என்றால் கோடி ஆண்டுகள் என்று நினைக்கிறோம். ஒரு விஞ்ஞானியின் பணிக்காலத்துக்குள் அது நடந்து முடிந்திருக்கிறது.

ஆனால் இதே பிறப்பு முறைதான் நியூசெல்லாவுக்குக் கேடாகவும் வந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிளிமத் அருகே பெண் நியூசெல்லாக்களுக்கு ஆண் உறுப்பு முளைத்திருப்பதை ஸ்டீபன் பிளேபர் கண்டார். பீட்டர் கிப்ஸ், ஜெஃப்ரி பிரையன் இருவரும் 1980களில் காரணத்தை நிறுவினார்கள். கப்பலின் அடியில் கொட்டலசு ஒட்டாமலிருக்கப் பூசிய வண்ணப்பூச்சில் டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் இருந்தது. ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம் போதும். அதாவது 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 83,000 நிறைய நீரில் ஒரே ஒரு கிராம். அந்த அளவிலேயே பெண் நத்தையின் உடல் மாறத் தொடங்கிவிடுகிறது. அளவு கூடினால் முட்டை வெளியேறும் வழியை அந்தப் புது உறுப்பு அடைத்துவிட, அவள் முட்டைகளோடு இறக்கிறாள். நியூசெல்லாவும் பாறையில் முட்டைக் கூடுகளை ஒட்டி, ஊரும் குஞ்சுகளையே பொரிக்கிறது. எனவே ஒரு கரையில் அழிந்தால் வேறு கரையிலிருந்து மிதந்து வந்து நிரப்ப ஆள் இல்லை. பரபரப்பான துறைமுகங்களை ஒட்டிய பாறைகள் பலவற்றில் அது இல்லாமலே போயிற்று. பிரான்ஸ் 1982இலும் பிரிட்டன் 1987இலும் சிறு படகுகளுக்கு அந்தப் பூச்சைத் தடுத்தன. உலகளாவிய தடை 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நியூசெல்லாக்கள் பல கரைகளில் மெதுவாக, ஊர்ந்தே, திரும்பி வந்துகொண்டிருக்கின்றன.

ஹெல்கோலாந்தின் பாறைத்தளம் 1981 முதல் இயற்கைக் காப்பகம். அங்கே 1962இலிருந்து வேலைநாள் தவறாமல் கடல்நீரை அளந்து வருகிறார்கள். நீர் ஏறத்தாழ 1.7 டிகிரி சூடாகியிருக்கிறது. மாடிகள் எப்படி இடம் மாறப்போகின்றன என்பதைப் படிக்க இதைவிட நல்ல ஏடு ஐரோப்பாவில் அதிகமில்லை.

குக்ஸ்ஹாஃபனிலிருந்து கப்பலேறி அங்கே போகிறவர்களுக்கும், விடுமுறையில் திருகோணமலைக்கோ முட்டத்துக்கோ பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வற்றம் எப்போது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் இறங்கி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு மாடியாகப் பாருங்கள். புரட்டிய கல்லை முன்பிருந்த பக்கமாகவே திருப்பி வையுங்கள். அதன் அடியில் முட்டைகள் ஒட்டியிருக்கும், வெயிலில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். வெற்று ஓட்டையும் கரையிலேயே விட்டுவிடுங்கள். துறவி நண்டுக்கு அது வீடு. உயிருள்ள நத்தையைக் கையில் எடுத்தால், பார்த்து முடித்ததும் எடுத்த அதே உயரத்தில் வையுங்கள்.